வெறுங்கழுத்து

“உங்களுக்கு எத்தனை வருசம் ஆச்சும்மா?”

வேலைக்குச் சேர்ந்து எத்தனை வருஷம் என்று கேட்கிறார் போல என்று நினைத்து, “பத்தொன்பது வருஷம் ஆச்சுக்கா” என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர் உச்சுக் கொட்டினார். “அம்புட்டுச் சின்ன வயசுலயா போயிட்டாரு? பாவம்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு ஜூன் மாதக் கூட்டம். பள்ளிக்கூடம் திறந்தால் நகைக் கடன் கவுன்டரில் நிற்க இடம் இருக்காது. அவருக்குப் பின்னால் ஏழெட்டு டோக்கன். “இல்லக்கா, என் வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்கார்” என்று சொல்ல ஐந்து விநாடி போதும். நான் சொல்லவில்லை. அவர் நீட்டிய காகிதத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். எங்கள் கிளையிலிருந்து போன ஏல நோட்டீஸ் அது.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நகைக் கடன் பிரிவு என் பொறுப்பு. நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, ஆசிட் சொட்டு விட்டுப் பார்த்து, “இருபத்திரண்டு, கல்லுக்கு ஒன்றரை கிராம் கழிச்சிருங்க மேடம்” என்பார். மொத்த எடை, நிகர எடை எழுதி, பையில் போட்டுச் சீல் வைத்து, சாயங்காலம் ஸ்ட்ராங் ரூமில் அடுக்குவோம். இரண்டு சாவி, ஒன்று மேனேஜரிடம், ஒன்று என்னிடம். சீசனில் ஒரே நாளில் என் கையில் ஏறி இறங்கும் தங்கம் கிலோக் கணக்கில் வரும். என் உடம்பில் குன்றிமணித் தங்கம் கிடையாது. தோடு, வளையல், செயின், மோதிரம், தாலி எதுவும் இல்லை. பொட்டும் இல்லை.

நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. ‘நகை போடாத கூட்டம்’ என்றால் எல்லாருக்கும் புரியும். பேதுரு முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில், பொன்னாபரணங்கள் அணியும் ‘புறம்பான அலங்கரிப்பு’ வேண்டாம் என்று வருகிற இடத்தை எங்கள் சபைகள் எழுத்துப்படியே எடுத்துக்கொள்கின்றன. அதே வசனத்தை சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளிலும் வாசிக்கிறார்கள், புறாவும் சிலுவையும் போட்ட தாலியும் கட்டிக்கொள்கிறார்கள். யார் சரி என்று சண்டை போட நான் இதை எழுதவில்லை. அந்தச் சண்டையை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் என்னைப் பார்த்தவுடன் “பெந்தெகொஸ்தா?” என்று கேட்பார்கள். அங்கே கழுத்தில் ஒன்றும் இல்லாத பெண் பஸ்ஸுக்கு நாலு பேர் இருப்பாள். ஆரல்வாய்மொழி தாண்டி வடக்கே வர வர அந்த அர்த்தம் தேய்ந்துகொண்டே வந்து, சங்கரன்கோவிலில் மிச்சமிருப்பது ஒரே அர்த்தம்தான். நாற்பது வயதில் பொட்டும் தாலியும் இல்லாமல் ஒருத்தி நின்றால் அவள் அறுத்தவள். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே என் கழுத்து பேசிவிடுகிறது. என்ன பேசும் என்பதை நான் தீர்மானிக்க முடியாது, ஊர்தான் தீர்மானிக்கிறது.

இங்கே மாற்றலாகி வந்த புதிதில் இது என்னை ரொம்பவே தொந்தரவு செய்தது. உடன் வேலை பார்க்கும் பெண்ணின் வளைகாப்புக்குப் போயிருந்தேன். வளையல் போடக் கூப்பிட்டார்கள். எழுந்து நடந்தேன். அவளுடைய பெரியம்மா என் முன்னால் ஒரு அடி எடுத்து வைத்து, ரொம்ப மரியாதையாக, “நீங்க முதல்ல சாப்பிட்டு வாங்கம்மா” என்றார். அந்தப் பெண் நாற்காலியில் இருந்தபடியே, “பெரியம்மா, அவங்க வேதக்காரங்க. சார் வெளியில பைக்கை நிறுத்திட்டு வர்றாரு” என்று சத்தமாகச் சொன்னாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். நிஜமாகவே புருஷன் இல்லாதவளாக இருந்திருந்தால் அப்படியே சாப்பிடத்தான் போயிருக்க வேண்டும் என்பது வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் தோன்றியது.

எங்கள் குடும்பத்துக்கும் தங்கத்துக்கும் உள்ள கணக்கு பழையது. 1806ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோதே எங்கள் ஆட்கள் வேதத்தில் சேர்ந்துவிட்டதாகத் தாத்தா சொல்வார். கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லாத் தாத்தாக்களும் இதையே சொல்வதால் நான் இதை நம்புவதில்லை. ஆனால் பாட்டி சொன்னதை நம்புகிறேன், ஏனென்றால் அது புத்தகங்களிலும் இருக்கிறது. பழைய திருவிதாங்கூரில் எங்கள் சாதிப் பெண்கள் தங்க நகை போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. மாரை மறைக்கக் கூடாது. மிஷனரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்கள் குப்பாயம் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனபோது துணியைக் கிழித்தார்கள், சபைக் கட்டடங்களை எரித்தார்கள். தோள்சீலைக் கலகம் என்று பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் வரும். 1859ல் மகாராஜா உத்தரவு போட்டார். அதிலும், மேலே மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்று ஒரு வால்.

அந்த உத்தரவுக் காலத்துப் பெண்ணின் பேத்தி என் பாட்டி. அவர் காதில் பாம்படம் போட்டிருந்தார். நான் பார்த்தபோது பாம்படம் இல்லை, காது மட்டும்தான் இருந்தது. தோளைத் தொடும் நீளத்தில் இரண்டு சதை வளையங்கள், சின்னப் பிள்ளை கையை உள்ளே விடலாம். விட்டிருக்கிறேன். என் அப்பாவைக் காலேஜில் சேர்க்கப் பாம்படத்தை விற்றாராம். தகடு மட்டும்தான் தங்கம், உள்ளே அரக்கு. இன்றைக்கு என் கவுன்டருக்கு வந்தால் அரக்குக்குக் கழிவு போட்டு, நகைக்காரம்மா முகத்தைப் பார்க்காமல் நிகர எடையைச் சொல்வேன். ஆனால் பாட்டிக்கு அது வெறும் தகடு இல்லை. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனதைச் சொல்லும்போது, இல்லாத பாம்படம் ஆடுகிற மாதிரி தலையை ஆட்டிக் காட்டுவார். (கோயில் என்றால் எங்கள் ஊரில் சர்ச். சங்கரன்கோவில் வந்து இந்த வார்த்தையால் நான் பட்ட பாடு தனிக் கதை.)

1990ல் அம்மா இரட்சிக்கப்பட்டார். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கன்வென்ஷன் பந்தலில் கை உயர்த்தினார், அடுத்த மாதம் குழித்துறை ஆற்றில் ஞானஸ்நானம். வீட்டுக்கு வந்து சேலையை மாற்றும் முன்னால் செயினையும் வளையலையும் தோட்டையும் கழற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு என் தோட்டையும் திருகினார். எனக்கு ஏழு வயது. காதில் இன்றும் இரண்டு புள்ளி இருக்கிறது.

அப்பா கத்தினார். அவர் அன்றும் இன்றும் சிஎஸ்ஐ. பாட்டி கத்தவில்லை. நடுவீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “போடப்பிடாதுன்னு அவன் அடிச்சான். போட்டுக் காட்டணும்னு நாங்க செத்தோம். இப்ப நீயே களத்தி வச்சிட்டு நிக்கியே மக்களே” என்றார். அம்மா பேதுருவின் வசனத்தைச் சொன்னார். பாட்டி அதற்குப் பதில் சொல்லவே இல்லை. 2003ல் சாகும்வரை அம்மாவோடு எல்லாம் பேசினார், இதைப் பேசவில்லை.

நகையைக் கழற்றுவது அம்மா கண்டுபிடித்ததும் இல்லை. டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேலோடு கிராமம் கிராமமாகப் போன பெண்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கழற்றினார்கள்; அன்றைக்குச் சொந்தக்காரர்கள் பட்ட அவமானம் இன்றைக்கு நாம் நினைப்பதைவிட எத்தனையோ மடங்கு. 1920களில் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் வெள்ளை உடுப்போடு இந்தப் பக்கம் வந்தபின் அது ஒரு தனி அடையாளமாகவே ஆகிவிட்டது. எனக்கு இந்தச் சரித்திரத்தில் பெருமை உண்டு. பெருமைப்படக் கூடாத இடத்தில் படுகிறேனோ என்ற சந்தேகமும் உண்டு. என் கல்யாணத்தைச் சொன்னால் புரியும்.

2009, மே மாதம். பெண் பார்க்க வந்தவர்கள் விசுவாசிகள், ஜெபித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்கள். “எங்களுக்கு நகை வேண்டாம், நம்ம சபை வழக்கம் உங்களுக்குத் தெரியுமே” என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமா. அப்பா முகத்தில் ஒரு நிம்மதி. அடுத்த வாக்கியம், “அதுக்கு ஈடா ரொக்கமா போட்டுடுங்க. ஐம்பது பவுன்னு வச்சுக்குவோம்.” அன்றைய செய்தித்தாளை எடுத்துத் தங்கம் விலை பார்த்தார்கள். பவுன் பதினோராயிரத்தை ஒட்டி இருந்தது. ஐந்தரை லட்சம். தங்கமே இல்லாத கல்யாணத்துக்கு அன்றைய தங்க விலையில் கணக்கு! வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961ல். பேதுரு எழுதியது அதற்கும் பத்தொன்பது நூற்றாண்டு முன்னால். அந்த அறையில் இரண்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான். நான் அப்போது வங்கியில் மூன்று வருஷ சர்வீஸ் போட்டவள், வாய் இல்லாதவள் இல்லை. உள்ளறையில் காபி டம்ளரை அடுக்கிக்கொண்டு, மாப்பிள்ளையைப் பிடித்திருந்ததால் சும்மா இருந்தேன்.

ஆக, கல்யாணத்தில் நாங்கள் வேதப்புத்தகம் மாற்றிக்கொண்டோம், பாஸ்டர் கைகளைச் சேர்த்து வைத்தார், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோம். 1872ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு அது போதும். அத்தைக்குப் போதவில்லை, என் கழுத்தைப் பார்த்துப் பார்த்து அழுதார். என் வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் அந்த ஐந்தரை லட்சத்தைப் பற்றிப் பேசினால் தலை குனிந்துவிடும். நல்ல மனிதர். அதில் பாதியை அவர் சம்பளத்திலிருந்து சேர்த்து, அப்பாவின் முழங்கால் ஆபரேஷன் என்ற சாக்கில் திருப்பிக் கொடுத்தார். மீதிப் பாதி எங்கள் வீட்டுக் கூரையாக இருக்கிறது.

சரி, வங்கிக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஊழிய வைராக்கியம் அதிகம். மேஜை டிராயரில் சுவிசேஷக் கைப்பிரதிக் கட்டு வைத்திருப்பேன். நகைக் கடன் அட்டையைக் கொடுக்கும்போது நடுவில் ஒன்றைச் செருகிக் கொடுப்பேன். யாரும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள்கூட உண்டு. ஆண்டவர் கதவைத் திறக்கிறார் என்று சபையில் சாட்சி சொன்னேன், கை தட்டினார்கள்.

அப்போதைய மேனேஜர் ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டார். பக்தியான மனிதர், விபூதி இல்லாமல் பார்த்ததில்லை. நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அரசியல் சாசனம் 25ஆம் பிரிவு மனப்பாடம். அவர் கோபப்படவே இல்லை. “மேடம், கழுத்துல கிடந்ததைக் கழத்திக் குடுத்துட்டு, கடன் கிடைக்குமா கிடைக்காதான்னு நிக்கிறவங்க அவங்க. அந்த நேரத்துல நீங்க எதை நீட்டுனாலும் வாங்கிக்குவாங்க. வேண்டாம்னு சொல்ல முடியாதவங்க கிட்டக் குடுக்குறது குடுக்குறதாகுமா?” என்றார். அவ்வளவுதான், ஃபைலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

2002ல் தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது நான் நாகர்கோவிலில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். கட்டாயப்படுத்தியோ ஆசைகாட்டியோ மதம் மாற்றக் கூடாது என்பது சட்டம். எங்களுக்கு அது பெரிய அடி. சபையில் உபவாச ஜெபம் நடந்தது. 2004ல் அது திரும்பப் பெறப்பட்டபோது ஸ்தோத்திரக் கூட்டம் போட்டோம். அந்தச் சட்டம் நல்லது என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். யார் கையில் எப்படிப் பயன்படும் என்று தெரியும். ஆனால் ‘நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை’ என்று அன்றைக்கு அவ்வளவு உறுதியாகச் சொன்ன எனக்கு, கட்டாயம் என்பது கண்ணாடிக் கவுன்டரின் ஒரு பக்கத்தில் உட்காருவதாலேயே வந்துவிடும் என்று ஒரு விபூதிக்காரர் சொல்லித்தான் புரிந்தது. கைப்பிரதிக் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். இப்போது வங்கிக்கு வெளியே, கேட்கிறவர்களுக்கு மட்டும். கேட்கிறார்கள், அது வேறு விஷயம்.

ஆயுத பூஜையும் ஒரு பாடம். முதல் ஐந்தாறு வருஷம், வங்கியில் பூஜை போடும் நாளில் லீவு போட்டுவிடுவேன். ஸ்ட்ராங் ரூம் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், சாவியையும் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அதில் ஒன்று என் சாவி. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று கொரிந்து சபை பட்ட பாட்டைப் பவுல் எழுதியிருக்கிறார், எங்களுக்கு அது இன்னும் முடியாத வழக்கு. அப்புறம் லீவு போடுவதே கோழைத்தனமாகத் தோன்றி, போக ஆரம்பித்தேன். காலையில் எல்லாரோடும் சேர்ந்து ஒட்டடை அடிப்பேன், மேஜை துடைப்பேன்; பூஜை நேரத்தில் பின்னால் நிற்பேன். இந்தக் கிளையில் முதல் வருஷம், பூஜை ஆரம்பிக்கும் முன் எங்கள் அட்டெண்டர் ஒரு பொட்டலத்தை என் டிராயரில் வைத்தார். பொரி, கடலை, ஒரு துண்டு வெல்லம். “படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன் மேடம். நீங்க சாப்பிடலாம்” என்றார். எங்கள் சபையில் எனக்கு இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததில் இந்த நுணுக்கம் இல்லை. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ! அந்தப் பொரியை நான் சாப்பிட்டதைப் பற்றி வேறொரு விசுவாசி குறை சொன்னார். சொல்லட்டும்.

இனி அந்த ஏல நோட்டீஸ் அக்கா.

கடன் அவர் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. விசைத்தறியில் வேலை பார்த்தவர், மகள் நர்சிங் படிக்கப் பணம் கட்டுவதற்காக மூன்று பவுன் தாலிக்கொடியை அடகு வைத்திருக்கிறார். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு கொடியை மட்டும் கழற்றிக் கொடுப்பது எங்கள் கவுன்டரில் தினமும் நடப்பது. நம் ஊரில் அந்தக் கயிற்றைப் பார்த்தே வீட்டு நிலவரம் சொல்லிவிடலாம். அடுத்த வருஷம் நெஞ்சுவலியில் அவர் போய்விட்டார். கடன்காரர் இறந்துவிட்டால் நகையைச் சும்மா எடுத்துக் கொடுக்க முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், எல்லாருடைய ஆதார். வட்டி நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஏலத்தைத் தள்ளி வைக்க மேனேஜரிடம் ஒரு குறிப்பு வைத்தேன். வேலையில் செய்ய வேண்டியதுதான், இரக்கம் என்று பெயர் வைக்க மாட்டேன்.

அதற்கப்புறம் அவர் ஐந்தாறு தடவை வந்தார். இ-சேவை மையத்தில் கேட்ட காகிதத்தைக் காட்ட வருவார், தாலுகா ஆபீஸ் போய்விட்டு வருகிற வழியில் வருவார். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வந்து, கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொள்வார். மற்ற பெண்களிடம் சொல்லாததை என்னிடம் சொல்வார். பதினாறாம் நாள் என்ன செய்தார்கள், எந்த நாத்தனார் என்ன சொன்னாள், கல்யாண வீட்டுக்குப் போனால் எந்த வரிசையில் உட்கார வைக்கிறார்கள். “உங்களுக்குத் தெரியாததா” என்று முடிப்பார். நான் “ம்” என்பேன். “கழுத்துல கிடந்தது மஞ்சக் கயிறுதானே, அதைத்தான் அறுத்தாங்க. கொடி உங்க ரூமுக்குள்ள பத்திரமா இருந்துச்சு. அதுக்குத் தெரியாது அவரு போனது” என்று ஒரு தடவை சொன்னார்.

ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் அதற்குள் பாதிக் கதையில் இருப்பார். இதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நகையை நான் கழற்றி வைத்திருப்பதற்கு, ஒரு வழியாக, ஏதோ பலன் இருக்கிறதே என்று. விதவைகளோடு ஒருத்தியாக நிற்கிறேன் என்று ஜெபத்தில்கூடச் சொல்லிக்கொண்டேன். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பதில் ‘ம்’ சேருமா என்று மட்டும் ஆண்டவரிடம் கேட்கவில்லை, பதில் தெரியும் என்பதால்.

செப்டம்பரில் ஒரு நாள் பஸ் கிடைக்காமல் என் வீட்டுக்காரர் பைக்கில் கொண்டு வந்து விட்டார். என் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்து, “மாத்திரையை மறந்துராத” என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பினால், வங்கிப் படியில் அந்த அக்கா உட்கார்ந்திருக்கிறார். கையில் பிளாஸ்டிக் கவரில் காகிதங்கள்.

“யாரு? தம்பியா?”

“என் வீட்டுக்காரர்க்கா.”

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். நான் ஏதேதோ சொன்னேன். எங்கள் சபை, வசனம், அம்மா, குழித்துறை ஆறு. ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே அட்டெண்டர் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. நான் முடித்ததும் அவர் சொன்னார், “அப்போ நீங்க கழத்தி வச்சது. எனக்கு அறுத்துவிட்டாங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், பாக்குறவங்களுக்கு.”

கோபம் இல்லை அவர் குரலில். இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். “முன்னாடியே சொல்லியிருக்கணும்க்கா, தப்புத்தான்” என்றேன். “ஆமா” என்றார்.

அன்றைக்கு ராத்திரி பாட்டியின் காதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

என் மகள் பத்தாம் வகுப்பு. இந்த வருஷம் ஆடித் தபசுக் கடைகளில் ஒரு ஜோடித் தோடு வாங்கி வந்தாள், இருபது ரூபாய். அவளுக்குக் காது குத்தவில்லை, அதனால் கிளிப் வகை. ஞாயிற்றுக்கிழமை அதோடு பாடல் குழுவில் நின்றாள். ஆராதனை முடிந்து பாஸ்டர் கூப்பிட்டார். “தங்கம்கூட இல்ல பாஸ்டர், பிளாஸ்டிக்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் நகை போட மாட்டேன், அது என் தீர்மானம், கடைசி வரைக்கும் அப்படித்தான். ஏழு வயதில் என் தோட்டைத் திருகியது அம்மாவின் தீர்மானம், அதை இருபத்திரண்டு வயதில்தான் நான் என்னுடையதாக்கிக்கொண்டேன். மகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இதைத்தான் பாஸ்டரிடமும் சொன்னேன், இவ்வளவு கோர்வையாக வரவில்லை. இப்போது அவள் பாடல் குழுவில் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, குழுவில் இருப்பவர்களைவிடச் சத்தமாகப் பாடுகிறாள்.

அக்காவின் வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்தது. மகள் திருப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, முன்பணம் வாங்கி அனுப்பியிருந்தாள். போன வாரம் புதன்கிழமை மூன்று மணிவாக்கில் பணத்தைக் கட்டினார். சீல் உடைத்து, அவர் முன்னால் எடை போட்டுக் காட்டினேன். 24 கிராம், அடகு வைத்தபோது எழுதிய அதே எடை. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடியை நீட்டினேன். அவர் கையில் வாங்கி, முந்தானையில் முடியப் போனவர் நிறுத்திக்கொண்டார். கூட்டம் இல்லை. மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார்.

“ஊர்ல போட்டா பேசுவாளுக. மகளுக்குத்தான் இது” என்றார். அப்புறம் கவுன்டரின் பக்கக் கதவு வழியாகத் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்தி, “ஒரு நிமிசம் மாட்டி விடுங்களேன். பாத்துட்டுக் கழத்திருதேன்” என்றார்.

எழுந்து அவர் பின்னால் போய் நின்றேன். தினமும் நூறு செயினைத் தொடுகிற கைதான். ஆனால் ஒரு கழுத்தில் மாட்டி எனக்குப் பழக்கமே இல்லை. கொக்கியைத் திறக்கத் தெரியவில்லை, வளையத்துக்குள் போகவில்லை, இரண்டு தடவை நழுவியது. அவர் கொண்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

“மெதுவா மாட்டுங்க” என்றார். “அவசரமில்ல.”